தம்புராவும் கிற்றாரும்: ஜோன் மக்லோக்ளினின் தனியிசைத்தட்டு ஒன்று பற்றிய மதிப்பீடு

கலைப்படைப்பு ஒன்றை மதிப்பிடப் புகுவோர் முதற்கண் தம் உள்ளத்தைத் தாமே சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். பிறநாட்டார் ஒருவர் நம் வாத்தியம் ஒன்றைத் தம் இசையிற் சேர்த்துக்கொண்டார் என்று கேட்ட மாத்திரத்தே நம்மவருள் இருவகை உணர்ச்சி எழக் காண்கிறோம். ஒரு சாரார், “மேனாட்டாரும் நம் இசையின் பெருமையை உணர்ந்துவிட்டனர்” என்று உவகை கொள்வர். மற்றொரு சாரார், “மரபு கெட்டது” என்று முகஞ் சுளிப்பர். இவ்விரு சாராரும் இசையைச் செவிமடுக்குமுன்பே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். திறனாய்வு என்பது கேட்டபின் கூறப்படுவது, கேட்டதைக்கொண்டே நிறுவப்படுவது.

இவ்வுண்மையைச் சோதித்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாக, ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோக்ளின் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மை கோல்ஸ் பியொண்ட்’ என்னும் இசைத்தட்டினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ‘என் இலக்கு அப்பாலுளது’ என்பது அத்தலைப்பின் பொருள். இவ்விசைத்தட்டு எவ்வாறு உருப்பெற்றது, இதனைத் தனியிசைத்தட்டு என்பது எவ்வகையாற் பொருந்தும், இதிற் காணும் இந்திய இசைக்கூறுகள் உள்ளிருந்து இயக்குவனவா அன்றிப் புறத்தே பூசப்பட்டனவா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைஞரும் காலமும்

மக்லோக்ளின் 1942ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிலுள்ள டொன்காஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தவர். அவருடைய தாயார் வயலின் வாசிக்கும் பழக்கமுடையவர். இளமையிற் பியானோ பயின்ற மக்லோக்ளின் பதினோராம் வயதிற் கிற்றாரைக் கையிலெடுத்தார். 1960களில் லண்டன் சென்று பல குழுக்களில் வாசித்துப் பழகிய பின், 1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘எக்ஸ்ற்றபொலேசன்’ என்னும் தம் முதல் இசைத்தட்டினைப் பதிவு செய்தார். அவ்வாண்டிலேயே, தோற்கருவிக் கலைஞர் ரொனி வில்லியம்சின் அழைப்பை ஏற்று நியூயோர்க் சென்றார். அந்நகரை அடைந்த சில நாட்களுள், பெப்ரவரி 18ஆம் நாள், மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ற் வே’ இசைத்தட்டுப் பதிவிற் பங்குகொண்டார். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் டேவிஸ் பதிவு செய்த ‘பிற்சஸ் புறூ’ இசைத்தட்டிற் பகுதியொன்றுக்கு மக்லோக்ளினின் பெயரே தலைப்பாக இடப்பட்டது. இருபத்தேழு வயதினர் ஒருவர்க்கு இஃது எளிதிற் கிட்டும் சிறப்பன்று.

அக்காலம் ஜாஸ் இசை பெருமாற்றம் எய்திய காலம். ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ், அதுகாறும் பெரும்பாலும் மின்விசையின் துணையின்றி இயங்கும் வாத்தியங்களைக்கொண்டே இசைக்கப்பட்டு வந்தது. 1960களின் இறுதியில் றொக் இசையின் மின்சாரக் கிற்றாரும், மின்பியானோவும், ஒலிபெருக்கிகளும் ஜாஸினுட் புகுந்தன. ஜாஸ் கலப்பிசை என இன்று வழங்கப்படும் இவ்வகையைத் தோற்றுவித்தோருள் மக்லோக்ளின் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். 1970இல் டக்ளஸ் நிறுவனத்துக்காக அவர் செய்த ‘டிவோசன்’ என்னும் இசைத்தட்டு முழுவதும் மின்கிற்றாரின் முழக்கமே. ஆயினும் அதன் ஒலிக்கலவை தமக்கு உடன்பாடான முறையில் அமையவில்லை என அவர் பின்னாளிற் குறைகூறியுள்ளார். அதே நிறுவனத்துக்காக அடுத்துச் செய்த இசைத்தட்டில் அவர் மின்கிற்றாரை ஒதுக்கிவைத்து மரக்கிற்றாரைக் கையிலெடுத்தார். முழக்கமே புதுமை எனக் கருதப்பட்ட அவ்வேளையில் ஒலியைக் குறைக்கத் துணிந்தமையே இவ்விசைத்தட்டின் முதற் சிறப்பு என்க.

இத்துணிவுக்கு ஒரு காரணம் அவருடைய அகவாழ்வில் நேர்ந்த மாற்றம். 1970இல் அவர் நியூயோர்க்கில் வாழ்ந்த வங்காளத் துறவியாராகிய ஸ்ரீ சின்மொயின் மாணாக்கரானார். மகாவிஷ்ணு என்னும் பெயர் அவரிடமிருந்து பெற்றதே. இசைத்தட்டும் அவ்வாசிரியர்க்கே காணிக்கையாக்கப்பட்டது. எனினும், ஒருவர் பத்தியுடையவராயினார் என்பதனால் அவர் இசை உயர்ந்ததாகிவிடாது. அவ்வுயர்வை இசையினுள்ளேயே தேடுதல் வேண்டும்.

ஒருவரே இருவராய் வாசித்த முறை

இசைத்தட்டு இரு பக்கங்கொண்டது. ஒரு பக்கத்திற் குழுவாக வாசிக்கப்பட்ட நெடும்பகுதிகள் இரண்டு உள்ளன. மற்றைப் பக்கத்திற் கிற்றாரால் ஆகிய சிறு பகுதிகள் எட்டு உள்ளன. இவை ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்கும் நான்கு நிமிடத்துக்கும் இடைப்பட்டவை. தனியிசை எனும் பெயர்க்கு முழுவதும் உரியது இச்சிறு பகுதிகளின் பக்கமேயாம். ஆங்காங்கு மெல்லெனக் கேட்கும் தாள ஒலியை நீக்கி நோக்கின், இப்பக்கத்து இசை முழுவதும் மக்லோக்ளின் ஒருவருடைய கைவிரல்களிலிருந்தே எழுகின்றது.

ஆயினும் கேட்போர் செவிக்குப் புலனாவன இரு கிற்றார்கள். ஒன்று சுரச்சேர்க்கைகளை மீட்டித் தளம் அமைக்கின்றது. மற்றொன்று அத்தளத்தின்மீது பண்ணை இசைக்கின்றது. இது மேற்பதிவு என்னும் முறையாற் கூடியது. ஒலிநாடாவில் தனித்தனித் தடங்கள் உண்டு. கலைஞர் முதலில் துணைப்பகுதியை ஒரு தடத்திற் பதிவு செய்வார். பின்னர் அதனைக் காதொலிக்கருவி வாயிலாகக் கேட்டுக்கொண்டே முதன்மைப் பகுதியை மற்றொரு தடத்தில் வாசிப்பார். ஈற்றில் இரண்டும் ஒருங்கே கலக்கப்படும். பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் 1963இல் ‘கொன்வசேசன்ஸ் வித் மைசெல்வ்’ என்னும் இசைத்தட்டில் இம்முறையையே பின்பற்றினார். மக்லோக்ளின் தம் சிறு பகுதிகளுள் ஒன்றுக்கு ‘வோல்ற்ஸ் போர் பில் எவன்ஸ்’ எனப் பெயரிட்டமை தற்செயலாக நேர்ந்தது எனக் கொள்ளுதற்கில்லை.

இம்முறையின் இயல்பை நம் கச்சேரி மரபோடு ஒப்புநோக்கின் ஓர் உண்மை விளங்கும். நம் மேடையிற் பாடகர் முன்செல்வார். வயலின் வாசிப்போர் பின்தொடர்வார். பாடகர் எண்ணியது எதுவோ அதனை மறுகணத்தே உணர்ந்து, நிழல்போல் தொடர்வதே பக்கவாத்தியத்தின் மாண்பு. மேற்பதிவிலோ இம்முறை தலைகீழாகின்றது. துணை வாத்தியம் முன்னரே வாசித்து முடிந்துவிட்டது, அதற்குச் செவியில்லை. முதன்மைக் கலைஞர் எத்துணை விரைந்தாலும் அது விரையாது. அவர் தயங்கினாலும் அது தயங்காது. ஆகவே முன்செல்லவேண்டியவரே பின்தொடர்பவராகின்றார். தாமே விதித்த விதியைத் தாமே மீறவொண்ணா நிலை அது.

இதனால் இழப்பு ஒன்றுண்டு என்பதை மறைத்தல் கூடாது. இப்பகுதிகளிற் சில இடங்களிற் பண் உணர்ச்சி மிக்கு மேலெழுகையிலும், கீழே மீட்டப்படும் சுரச்சேர்க்கைகள் முன்னிருந்த அளவிலேயே நிற்கின்றன. இருவர் நேர்முகமாக அமர்ந்து வாசிப்பின் அவ்விடத்துத் துணைவர் தாமும் உடன் எழுந்திருப்பார். அவ்வெழுச்சி இங்கு இல்லை. ஆயினும் இழப்பினும் பேறு மிகுதி என்பதே எம் கருத்து. துணைவர் எங்கே இடம் விடுவார் என்பதை முதல்வர் முன்னரே அறிந்திருத்தலால், அவ்விடைவெளிகளிலே மிக நுண்ணிய சொற்கட்டுகளை வைத்துச் செல்ல இயல்கின்றது. ஒரு பகுதிக்கு ஒரே கருத்து, அக்கருத்துக்கு ஒரே உள்ளம் என்னும் ஒருமைப்பாடு கிட்டுகின்றது. மேலும், விரைவான வாசிப்பால் உலகை வியப்பிலாழ்த்திய இக்கலைஞர், தாம் இட்ட எல்லைக்குள் அடங்கி வாசித்தமையாற் பெற்ற செறிவு இவரின் வேறு பல இசைத்தட்டுகளில் அரிதாகவே காணப்படுவது.

எட்டுப் பகுதிகளுட் சிலவற்றை எடுத்து நோக்குவோம். முதலாவது, சார்ள்ஸ் மிங்கஸ் இயற்றிய ‘குட்பாய் போர்க்பை ஹற்’. 1959ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மறைந்த சக்சபோன் கலைஞர் லெஸ்ரர் யங்கை நினைந்து மிங்கஸ் அவ்வாண்டிலேயே இயற்றியது அது. யங் வழக்கமாக அணிந்த தொப்பியே தலைப்பாயிற்று. நம் புறத்திணை மரபிற் கூறின் இது கையறுநிலை சார்ந்தது. மிங்கஸ் இதனை ஊதுகருவிகள் நிறைந்த குழுவுக்காக அமைத்தார். சக்சபோன் ஒரு சுரத்தை மூச்சுள்ளவரை நீட்டி அழவல்லது. கிற்றாரின் நரம்போ மீட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குவது. இக்குறையை மக்லோக்ளின் குணமாக்கினார். ஒவ்வொரு சுரமும் பிறந்தவுடன் மறையத் தொடங்குதல், மறைந்தாரைப் பாடும் பாட்டுக்கு இயல்பாகவே பொருந்திவிடுகின்றது. பிறர் ஆக்கத்தை வேறொரு வாத்தியத்துக்கு மாற்றுவோர் அவ்வாத்தியத்தின் இயல்பறிந்து மாற்றவேண்டும் என்பதற்கு இப்பகுதி சிறந்த சான்று.

‘புளூ இன் கிறீன்’ என்பது, 1959இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைன்ட் ஒவ் புளூ’ இசைத்தட்டில் இடம்பெற்றது. டேவிஸின் பெயரில் வழங்கும் இது தம்முடைய ஆக்கமே எனப் பில் எவன்ஸ் உரிமை கோரியதுமுண்டு. ஜாஸ் பாடல்களிற் பெரும்பாலானவை பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு அளவைகளைக்கொண்டு ஒரு சுற்று முடிப்பவை. இதுவோ பத்து அளவைகளில் முடிவது. முடிந்தது எனச் செவி உணருமுன்பே அடுத்த சுற்றுத் தொடங்கிவிடுகின்றது. ஆவர்த்தனக் கணக்கிற் பழகிய நம் செவிக்கு இவ்வமைப்பின் நுட்பம் எளிதில் விளங்கும். ‘பொலோ யுவர் ஹாட்’ என்னும் பகுதி மக்லோக்ளினின் சொந்த ஆக்கம். பதினோர் எண்ணிக்கைகொண்டு சுழல்வது. நான்கும் மூன்றுமாக எண்ணிப் பழகிய மேனாட்டுக் கேட்போர்க்கு அது புதிராயினும், மிசிரமும் சங்கீர்ணமும் அறிந்த நமக்கு அவ்வளவு புதிதன்று. ‘சோங் போர் மை மதர்’ என்பது தாயார்க்கு உரிய பாட்டு. முதன்முதல் வீட்டில் இசை கேட்பித்த தாயாரை மகன் நினைவுகூர்ந்தமை தலைப்பாலேயே விளங்கும்.

அமைதி எனப் பெயரிய இரு பகுதிகள்

மறுபக்கத்திலுள்ள ‘பீஸ் வண்’, ‘பீஸ் ரூ’ என்பன முறையே ஏறத்தாழ ஏழும் பன்னிரண்டும் நிமிட அளவின. முதலாம் அமைதி, இரண்டாம் அமைதி எனத் தமிழிற் கூறலாம். இவற்றில் டேவ் லீப்மன் சொப்ரானோ சக்சபோனும் புல்லாங்குழலும், ஜெரி குட்மன் வயலினும், சார்லி ஹேடன் பெருநரம்பு வாத்தியமாகிய பாஸும், பில்லி கொப்ஹம் தோற்கருவிகளும், பிரேசில் நாட்டவராகிய ஏயர்ற்றோ மொறெய்ரா பல்வகைத் தாளக்கருவிகளும், பாதல் றோய் தபலாவும் வாசித்தனர். மகாலட்சுமி என்னும் பெயர் பெற்ற மக்லோக்ளினின் மனைவியார் தம்புரா மீட்டினார்.

பாதல் றோயின் வரலாறு குறிப்பிடத்தக்கது. இன்று பங்களாதேசத்தில் உள்ள கொமிலாவிற் பிறந்த இவர், 1968இற் புள்ளிவிபரவியல் கற்க நியூயோர்க் சென்றவர். அங்கு இந்திய உணவுச்சாலைகளில் தபலா வாசித்து வந்தார். அவ்வாறானதோர் உணவுச்சாலையிலே மக்லோக்ளின் அவரைக் கேட்டு, உடன் வாசித்து, பின்னர்ப் பதிவுக்கும் அழைத்தார். 1972இல் மைல்ஸ் டேவிஸின் ‘ஒன் த கோர்ணர்’ இசைத்தட்டிலும் அவர் வாசித்தார். 2022இல் அவர் காலமானார்.

இனி, இவ்விரு பகுதிகளிலும் தம்புராவும் தபலாவும் ஆற்றும் தொழில் யாது? தம்புராவை முதலில் நோக்குவோம். ‘கைன்ட் ஒவ் புளூ’ காலந்தொட்டு ஜாஸ் கலைஞர் சிலர், சுரச்சேர்க்கைகள் அடிக்கடி மாறும் பழைய முறையை விடுத்து, ஒரே சுரவரிசையில் நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் முறையை மேற்கொண்டிருந்தனர். ஜோன் கோல்ற்றேன் இம்முறையை மேலும் வளர்த்தார். இந்திய இசையில் அவர்க்கு இருந்த ஈடுபாடு, தம் மகனுக்கு ரவி சங்கரின் பெயரைச் சூட்டும் அளவினது. ஒரே சுரவரிசையில் நிற்கும் இசைக்கு மாறாத ஆதாரசுருதி முற்றும் ஒத்துவரும். எனவே மக்லோக்ளின் தம்புராவைச் சேர்த்தமை அலங்காரத்துக்காகச் செய்ததன்று. ஜாஸ் தானே வந்து நின்ற ஓரிடத்தில் அதற்குத் தேவையான வாத்தியத்தை அவர் கண்டுகொண்டார் என்பதே பொருந்தும். ஹேடனின் பாஸ் ஒரே சொற்கட்டினைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தம்புராவோடு கைகோத்து நிற்பது இக்கருத்தை வலியுறுத்தும்.

தபலாவின் நிலை வேறு. கொப்ஹம், மொறெய்ரா, றோய் ஆகிய மூவரும் ஒருங்கே வாசிக்குமிடத்துத் தபலாவின் சொற்கள் தனித்து விளங்கவில்லை. தபலாவுக்குரிய சிறப்பு, சமம் என்னும் இடத்தை நோக்கிக் கேட்போரை இட்டுச்சென்று அங்கே இறக்கிவிடும் கணக்கு. இப்பகுதிகளில் அது பெரும்பாலும் இடைவிடாத ஓட்டமாகவே நின்றுவிடுகின்றது. இது வாசித்தவர் குற்றமன்று. அவர்க்கு அமைத்துக் கொடுத்த இடத்தின் குறை. தம்புராவுக்கு இசையில் ஒரு காரணம் உண்டு. தபலாவுக்கு ஒரு நிறமே உண்டு என்று முடிவு கூறலாம்.

மூன்றாவதாக இராகத்தைப்பற்றி. இப்பகுதிகளில் இராகம் இல்லை. சுரவரிசை உண்டு, கமகம் இல்லை. அதற்குக் காரணம் கலைஞரின் விருப்பின்மை அன்று, வாத்தியத்தின் அமைப்பேயாம். வீணையின் மெட்டுகள் உயர்ந்து, மெழுகின்மேல் நிற்பவை. நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு மெட்டிலேயே பல சுரங்களைப் பிறப்பிக்க அங்கு இடமுண்டு. கிற்றாரின் விரற்பலகை தட்டையானது, மெட்டுகள் தாழ்ந்தவை, பன்னிரு சமபங்காகப் பகுக்கப்பட்டவை. நரம்பைச் சிறிது வளைக்கலாம். வீணையிற்போல் விளையாட இயலாது. மக்லோக்ளின் இப்பகுதிகளை இராகம் என்று அழைக்கவுமில்லை. தாம் அறியாததை அறிந்ததுபோற் காட்டாத அந்நேர்மை பாராட்டுதற்குரியது.

தொடர்ந்து நிகழ்ந்தவை

இக்குறைகளை அவரே உணர்ந்திருந்தார் என்பது அவர் அடுத்துச் செய்தவற்றால் அறியப்படும். 1971ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் கொப்ஹமையும் குட்மனையும் உடன்சேர்த்து மகாவிஷ்ணு இசைக்குழுவை நிறுவி, மீண்டும் மின்கிற்றாரை ஏந்தி உலகப்புகழ் எய்தினார். அப்புகழின் நடுவே, ஐக்கிய அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் கலாநிதி எஸ். இராமநாதனிடம் மாணவராயமர்ந்து வீணையும் கருநாடக இசையும் பயின்றார். 1975இல் வயலின் கலைஞர் எல். சங்கர், தபலாக் கலைஞர் சாகீர் ஹுசைன், கடக் கலைஞர் ‘விக்கு’ விநாயக்ராம், மிருதங்கக் கலைஞர் ஆர். இராகவன் ஆகியோருடன் ‘சக்தி’ என்னும் குழுவாக மேடையேறினார். அக்குழுவுக்காகக் கிப்சன் நிறுவனத்தார் செய்தளித்த கிற்றாரில், மெட்டுகளுக்கிடையே விரற்பலகை குடைந்தெடுக்கப்பட்டிருந்தது. முதன்மை நரம்புகளுக்குக் கீழே சுருதி நரம்புகள் ஏழு குறுக்காகப் பூட்டப்பட்டிருந்தன. மேலே நாம் குறித்த தடையை நீக்க வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார் என்பது இதனாற் பெறப்படும்.

எல். சங்கரின் பெயர் யாழ்ப்பாணத்தார்க்கு உரிமையோடு நினைக்கத்தக்கது. அவருடைய தந்தையார் வி. இலட்சுமிநாராயணர் யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராகப் பணிபுரிந்தவர். சங்கரும் அவர்தம் தமையன்மாரும் இளமையில் இங்குதான் வயலின் பயின்றனர். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின்னர் அக்குடும்பம் இந்நாட்டை விட்டு நீங்கிச் சென்னையிற் குடியேறியது. நாம் காக்கத் தவறிய ஒரு வீட்டின் இசை பின்னர் உலக மேடையில் ஒலித்தது என்பதை எண்ணிப் பெருமிதங் கொள்ளுமுன் சிறிது நாணவும் வேண்டும். சக்திக் குழு பல்லாண்டு இடைவெளிக்குப் பின் புதிய கலைஞரோடு 2023இல் வெளியிட்ட ‘திஸ் மோமன்ற்’ என்னும் இசைத்தட்டு 2024இற் கிறமிப் பரிசு பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திற் சாகீர் ஹுசைன் மறைந்தார்.

முடிபு

சக்தியின் சிறப்பை அறிந்தோர், 1971இன் இசைத்தட்டினை அதற்கு ஒரு படிக்கல்லாக மாத்திரம் கருதுதல் உண்டு. அக்கருத்து முழுமையானதன்று. அமைதி என்னும் இரு பகுதிகளைப் பொறுத்தவரை அது பொருந்தும். அங்கே தொடங்கியது பின்னர் நிறைவெய்தியது. எட்டுச் சிறு பகுதிகளோ தாமே முற்றுப்பெற்றவை. அவற்றுக்குப் பின்வந்த எதனையும் துணைக்கழைத்துப் பெருமை தேட வேண்டியதில்லை.

இவ்விடத்தே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தம்புராவும் தபலாவும் கேட்கும் பக்கத்தைக் காட்டிலும், அவை கேளாத பக்கமே நம் இசையின் பண்புக்கு அணுக்கமாக உள்ளது. ஒரு பண்ணை முதலிற் பணிவோடு உள்ளவாறே நிறுத்தி, அதன் சுற்றுக்குட் கற்பனையை விரித்து, மீண்டும் அப்பண்ணுக்கே வந்தடையும் ஒழுங்கு அங்கேதான் தெளிவாகக் காணப்படுகின்றது. கீர்த்தனையின் ஓரடியை எடுத்து நிரவல் செய்யும் பாடகரும் இவ்வொழுங்கையே பேணுகின்றார். இரு மரபுகள் ஒன்றையொன்று சந்திப்பது வாத்தியங்களை ஒரே அறையில் வைப்பதனால் மாத்திரமன்று. வாசிப்பின் ஒழுக்கத்தாலும் என்பது இதனால் விளங்கும்.

நம் கல்லூரிகளின் கலைவிழாக்களிலும் இந்நாளிற் கிற்றாரும் விசைப்பலகை வாத்தியமும் மிருதங்கத்தோடு சேர்ந்து ஒலிக்கின்றன. அவற்றைக் கண்டவுடன் கைதட்டுதலும் வேண்டா, கடிதலும் வேண்டா. புதிதாய்ச் சேர்ந்த வாத்தியத்துக்கு அவ்விசையில் ஒரு காரணம் உண்டா, அதற்குரிய தனிச்சிறப்பு வெளிப்பட இடம் விடப்பட்டதா, வாசிப்போர் தாம் கல்லாததைக் கற்க முயல்கின்றனரா என மூன்று வினாக்களை மாணவர் எழுப்புவாராக. மக்லோக்ளினின் இசைத்தட்டு முதல் வினாவுக்குத் தம்புராவைக்கொண்டு தக்க விடை தருகின்றது. இரண்டாவதிற் தபலாவைப் பொறுத்தவரை தவறுகின்றது. மூன்றாவதற்கு அவர் வெஸ்லியனில் மாணவராயமர்ந்த செயலே விடையாகின்றது. குறையும் நிறையும் ஒருங்கே தெரியக் கேட்பதற்கு இதனிலும் ஏற்ற பயிற்சிநூல் நம் மாணவர்க்குக் கிட்டுதல் அரிது.